பெற்றரியும் புதுசு, ஒல்டர்னேற்றரும் நல்லமாம், அப்ப சார்ஜ் எங்க போகுது?

சரி, அடுத்த கேள்வி நிலாவெளியில இருந்து ஒரு தம்பி. ட்ராட் சன்னி, அதான் பழைய நிசான் கார், வைச்சிருக்கிறார். அண்ணா, புது பெற்றரி போட்டும் காலமையில ஸ்ராட் எடுக்குதில்ல, ஒல்டர்னேற்றரை (என்ஜின் ஓடேக்க பெற்றரிக்கு சார்ஜ் ஏத்துற சாமான்) கழட்டிக் கொண்டுபோய் கடையில செக் பண்ணுற மெசின்ல பூட்டிப் பார்த்தா நல்லா வேலை செய்யுதாம், இனி எந்த பெற்றரி வாங்குறது எண்டு கேக்கிறார். கடைசியில சும்மா ஒரு வரி போட்டிருக்கிறார் பாருங்கோ, "டாஷ்போட் பல்பெல்லாம் எல்இடி ஆக்கிட்டன், இரவில நல்ல வடிவு". இதை வாசிச்சிட்டு எனக்குப் பெரிய சந்தோசம், ஏனெண்டா பெற்றரியை விட்டிட்டு டாஷ்போட்டில பெற்றரிப் படம் போட்ட இந்தச் சிவப்பு லைற்றைப் பற்றி ஆராவது கேக்கமாட்டினமோ எண்டு கனநாளாப் பார்த்துக்கொண்டிருந்தனான்.

அந்த பெற்றரி லைற் சும்மா காட்டுறதுக்கு மட்டும் இல்ல தம்பி. ஒல்டர்னேற்றருக்குள்ள சுத்துறது காந்தமில்ல, காயில். அதுக்கு முதல்ல கொஞ்சம் கரண்ட் குடுத்தாத்தான் அது காந்தமாகும், குழாய்க்கிணத்துப் பம்புக்கு முதல்ல ஒரு வாளித் தண்ணி விட்டு அடிக்கிற மாதிரி. உங்கட சன்னியில அந்தத் தண்ணி அந்த பல்புக்குள்ளாலதான் போகுது. 3 வாற் பல்பெண்டா கால் அம்பியர் போகும், எல்இடியில 20 மில்லி அம்பியர் அளவுதான், அது காணாது. சார்ஜ் துவங்கினா பல்பிட ரெண்டு பக்கமும் ஒரே வோல்ற் வந்திடும், அதாலதான் லைற் அணையிறது. மெசின்ல கடை பாஸ்மார் தனி வயர் குடுத்து எழுப்புவினம், அதுதான் அங்க நல்லம், கார்ல இல்ல. (ரெகுலேற்றர், அதான் வோல்ற் கூடாமப் பிடிக்கிற சாமான், வெளியில தனிப் பெட்டியா இருக்கிற பழைய டொயோட்டாக்காரர் இதைப் பார்த்து பல்பைக் கழட்டாதேங்கோ, அதில வயறிங் வேற.)

நான் ஒவ்வொரு வீடியோவிலயும் சொல்லுறதுதான், முதல்ல வோல்ற் பார்க்கிற மீற்றர், பிறகு கடை. என்ஜின் ஓடாம பெற்றரியில 12.6 வோல்ற் இருக்கவேணும். ஸ்ராட் பண்ணி அப்பிடியே விட்டுப் பாருங்கோ, 12.3 போல நிண்டுகொண்டிருக்கும், ஒருக்கா நல்லா ரேஸ் பண்ணுங்கோ, டக்கெண்டு 14க்கு ஏறினா பிழை இந்த லைற் வழியிலதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு மெதுவா வாற ஓட்டத்தில அந்த ரேஸே வராது, அதால பெற்றரி படுக்குது. 15க்கு மேல போனா அது ரெகுலேற்றர், வேற கதை. ஓடுற என்ஜின்ல பெற்றரி வயரைக் கழட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில பேரிட்ட இருக்கு, தயவுசெஞ்சு விடுங்கோ, வோல்ற் எகிறி ஒல்டர்னேற்றருக்குள்ள இருக்கிற டயோட்டைத் திண்டிடும்.

ரேஸ் பண்ணியும் ஏறாட்டி எர்த்தை, அதான் மைனஸ் பக்க வயர்களைப் பாருங்கோ. கடல் காத்து அடிக்கிற ஊர். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்கமுந்தி வாகனமெல்லாம் பாதையிலதானே (தண்ணியைக் கடக்கிற மிதவை) ஏத்தி இறக்குறது, அதில ஒரு லான்சர் கார் ஸ்ராட் எடுக்காமச் சனம் தள்ளி இறக்கினது, இறங்கின உடன எல்லாரும் பெற்றரியைத்தான் பேசினவை, பார்த்தா என்ஜினுக்கும் பொடிக்கும் போற எர்த் பட்டி பச்சை பிடிச்சு இத்துப்போச்சு. இப்பவும் அதேதான் நடக்குது, மீற்றர் வைக்கமுந்தியே பெற்றரிக்குக் காசு எண்ணுறது. ஹெட்லைற் போட்டு, என்ஜின் ஓட, மீற்றரிட ஒரு முனை பெற்றரி மைனஸ்ல, மற்றது ஒல்டர்னேற்றர் பொடியில. 0.2 வோல்ற்றுக்கு மேல காட்டினா வயரைச் சுரண்டிப் பூட்டுங்கோ. பிளஸ் பக்கமும் அப்பிடித்தான், ஆனா மற்ற முனை பொடியில இல்ல, ஒல்டர்னேற்றரிட பிளஸ் வயர் பூட்டுற இடத்தில.

தம்பி, நீங்க அந்த ஒரு பல்பை மட்டும் பழையபடி குண்டு பல்பாப் போடுங்கோ, மற்ற எல்இடியெல்லாம் இருக்கட்டும். இல்ல வடிவுதான் முக்கியமெண்டா எல்இடிட ரெண்டு முனைக்கும் குறுக்கால, சமாந்தரமா 50 ஓம், 5 வாற் ரெசிஸ்டர் ஒண்டைச் சேர்த்துப் பூட்டலாம், ஆனா ஸ்ராட் எடுக்காமச் சாவியைத் திறந்து வைச்சுக்கொண்டு பாட்டுக் கேக்காதேங்கோ, ரெசிஸ்டர் நல்லாச் சுடும், பிளாஸ்ரிக்கில முட்டாமப் பூட்டுங்கோ.