கோவை டு சிங்கப்பூர்: ஆறே முக்கால் மணி நேரமா, ஒன்றே முக்கால் மணி நேரமா?

(திரையில்: ஊட்டி, சாயங்காலப் பனிமூட்டம், குல்லாவோடு நான்)

வணக்கம் மக்களே. பக்கத்து வீட்டு அக்கா, மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போகிறார். போன வாரம் டிக்கெட்டை நீட்டி, "தம்பி, போறதுக்கு ஆறே முக்கால் மணி நேரம், வர்றதுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்னு கணக்கு வருது, வர்றது மட்டும் வேகமான பிளேனா?" என்றார்.

டிக்கெட்டைப் பாருங்கள். கோவையில் இரவு 1.00 மணிக்கு ஏறினால் காலை 7.45க்கு இறங்குகிறார். ஆனால் அந்த 7.45 சிங்கப்பூர் கடிகாரம், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. அப்போது ஊட்டியில் மணி 5.15தான். ஆக நாலே கால் மணி நேரம். திரும்பும்போது அங்கே இரவு 7.00 என்றால் இங்கே மாலை 4.30, கோவையில் இறங்குவது 8.45. அதே நாலே கால்!

(திரையில்: உலக உருண்டை, இரண்டு ஊருக்கும் நடுவே நூல்)

சரி, ஏன் இரண்டரை? கோவை 77 டிகிரி தீர்க்கரேகையில், சிங்கப்பூர் 104இல். சூரியனுக்கு ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், 27 டிகிரிக்கு 1 மணி 48 நிமிடம். மிச்சம் மனிதர்கள் சேர்த்தது. 1982 புத்தாண்டில் மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டது, அதனால்தான் அங்கே விடியவே ஏழு மணி ஆகிறது.

நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 3,160 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் 3 மணி 43 நிமிடம் போதும். மீதி அரை மணி ரன்வே வரை ஊர்வதிலும், மெதுவாக ஏறி இறங்குவதிலும் போய்விடும். அப்புறம் காற்று. ஜூன், ஜூலையில் நம் தகர ஷீட்டைப் பிய்க்கும் காற்று மேற்கிலிருந்து வருகிறது இல்லையா, விமானம் பறக்கும் உயரத்தில் அதே மாதங்களில் அது கிழக்கிலிருந்து அடிக்கும். மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று என்றாலே போகும்போது 17 நிமிடம் கூடும்.

(திரையில்: கல்லாறு, மூச்சு வாங்கும் மலை ரயில்)

இதில் வேடிக்கை, மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. ஏறி ஊட்டி வர நம்ம ரயிலுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. அதற்குள் அக்கா சிங்கப்பூரில் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

காது அடைக்குமே என்றும் பயந்தார். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது சுமார் 7,350 அடி. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். சிப்ஸ் பாக்கெட் நம் ஊர்க் கடையில் தொங்கும்போதே தலையணை மாதிரி உப்பியிருக்கும் இல்லையா, விமானத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் உப்பும். அக்காவுக்கு அது வீட்டுக் காற்று. அடைப்பதெல்லாம் இறங்கும்போதுதான், ஊட்டி மலையிலிருந்து இறங்கும் வழியில் பர்லியாரில் அடைக்கிற அதே அடைப்பு. புளிப்பு மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டு எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.

இரவு 1 மணி விமானத்துக்கு 10 மணிக்கு ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். மலை இறங்கிப் போக மூன்று மணி நேரம், சீசனில் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டால் இன்னும் கூடும். ஐந்தரைக்குக் கிளம்புங்கள் என்றேன். அக்கா மதியச் சாப்பாடு முடிந்ததுமே கிளம்பிவிடுவாராம், ஸ்வெட்டரை எங்கே கழற்றுவது என்பதுதான் இப்போது கேள்வி.