நாள் பார்க்கிற நோயில்லை இது

நேயர்களுக்கு வணக்கம். கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் எங்கள் பக்கத்தில் வெத்திலைத் தட்டம்தான் முதலில் முன்னுக்கு வரும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராத வெறும் பாக்கே அதை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 20 வருஷத்துக்கு முந்தியே சொல்லிவிட்டது. ஆனால் இன்றைக்கு நான் வெத்திலையைத் திட்ட வரவில்லை. நோய் வந்த பிறகு நாங்கள் தொலைக்கிற நாள்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தொடக்கத்தில் இந்தப் புண் நோகாது. வந்த வினையே அதுதான். வெத்திலை அடக்குகிற பக்கத்துக் கன்னத்தில் ஒரு வெள்ளைப் படை, இல்லாவிட்டால் சிவப்புத் திட்டு; நாக்கால் தடவினால் சொரசொரப்பு. "வாயை ஒருக்காக் காட்டணை ஆச்சி" என்று பேத்தி கேட்டால், "ஒண்டுமில்லைப் பிள்ளை, சுண்ணாம்பு சுட்டுப்போட்டுது" என்று பதில் வரும். 3 கிழமை தாண்டியும் ஆறாத புண்ணை, பல் பிடுங்கி ஆறாமல் கிடக்கிற குழியை, பல் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அடுத்தது, "கத்தி பட்டால் பரவும்" என்ற பயம். சோதனைக்கு எடுப்பது சின்னத் துண்டுதான். அதனால் நோய் பரவுவதில்லை. அது இல்லாமல் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் முடியாது. முடிவு கைக்கு வந்த பிறகும் நல்லூர்த் திருவிழா முடியட்டும், கனடாவிலிருந்து மகன் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். மகன் வரும்வரை புண் காத்திருக்காது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை 4 கிழமை பிந்தினால் இறக்கும் அபாயம் 6 முதல் 8 வீதம் கூடுகிறது என்று காட்டியது. நோய் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

எல்லாப் பழியையும் நோயாளியின் தலையில் போடவும் கூடாது. அறிக்கை வரத் தாமதம், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கத் தாமதம் எல்லாம் உண்டு. கிளினிக் கொப்பியோடு போய், "என்ர ரிப்போட் வந்திட்டுதோ?" என்று கேட்பதில் வெட்கமில்லை.

கூட ஆக்களுக்குத் தெரியாத தாமதம் ஒன்று இருக்கிறது. கட்டியை வெட்டி எடுத்ததும் "எல்லாம் முடிஞ்சுது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பலருக்கு அதன்பிறகு கதிர்வீச்சும் வேண்டும். அதைச் சத்திரசிகிச்சை முடிந்து 6 கிழமைக்குள் தொடங்குவது நல்லது. பழுதான பற்களைப் பிடுங்குவதென்றால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கவேண்டும், அந்தக் குழிகளும் ஆறவேண்டும். கதிர்வீச்சு கிழமைக்கு 5 நாள் வீதம் 6 கிழமையளவு நடக்கும். இடையில் நாள்களைத் தவறவிட்டால் மிச்சமிருக்கும் புற்றுக் கலங்கள் திரும்பப் பெருகும்.

முந்தி கதிர்வீச்சுக்கு மகரகமவிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்போது தெல்லிப்பளை ஆஸ்பத்திரியிலேயே அது இருக்கிறது. ஆனாலும் நெடுந்தீவிலிருந்து ஒருவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, பஸ் பிடித்துத் தினமும் வந்து போவது நடக்கிற காரியமில்லை. தங்குவதற்கு ஒரு சொந்தக்காரர் வீட்டைச் சத்திரசிகிச்சைக்கு முதலே பேசி வையுங்கள். வாட்டை விட்டு வெளிக்கிடும்போது, "கதிர்வீச்சுக்கு எந்தத் திகதி வரவேணும்?" என்று கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு போங்கள்.