நன்றாக நடக்கும் இடத்தைத் தேடிப் போனவர்

வணக்கம் நேயர்களே. வளர்முக நாடுகளில், கூடுதலாகப் பிரேசிலில், அரச திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்டவர், அமெரிக்கப் பொருளியலாளர் ஜூடித் டெண்ட்லர். 2016இல் காலமானார். மின்சாரத் துறை, வெளிநாட்டு உதவி என்று பலதையும் ஆராய்ந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய சியாரா ஆய்வு.

அரச ஊழியர் ஏன் வேலை செய்வதில்லை என்றுதான் பலரும் கேட்டார்கள். நன்றாகச் செய்கிறவர்கள் எதனால் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டவர் டெண்ட்லர்.

சியாரா, வடகிழக்குப் பிரேசிலில் வரட்சி வாட்டும் ஏழை மாநிலம். 1987 வரட்சியில் நிவாரண வேலையாக அங்கே சுகாதாரப் பணியாளர்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஆகக் குறைந்த சம்பளம், நிரந்தர நியமனமும் கிடையாது. வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி பற்றிச் சொன்னார்கள். வயிற்றோட்டத்துக்கு எங்கள் ஜீவனி போன்ற உப்புச் சீனிக் கரைசலைக் கொடுக்கப் பழக்கினார்கள். தாய்மாரின் நம்பிக்கையைப் பெறப் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள், சமையலுக்கும் கைகொடுத்தார்கள். சில வருடங்களில் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 1993இல் யுனிசெஃப் விருதும் கிடைத்தது.

ஆட்களை எடுத்த விதம்தான் முக்கியம். உள்ளூர் அரசியல்வாதிகள் கையில் விடாமல் மாநில அரசே நேர்முகத் தேர்வு நடத்தியது. தெரிவாகாதவர்களிடம், வேலை கிடைத்தவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். ஏமாந்து திரும்பியிருக்க வேண்டியவர்கள் ஊருக்குக் காவலானார்கள்! வானொலியிலும் அந்த வேலையைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். தங்கள் வேலையை ஊர் மதிக்கிறது என்ற நினைப்பு, சம்பளம் செய்யாததைச் செய்தது என்கிறார் டெண்ட்லர்.

கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக் களைத்த கதை எங்கள் வன்னியிலும் எல்லாரிடமும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் கிறவல் வீதியில் புழுதி குடித்துக்கொண்டு கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கப் போகிற குடும்பநல மாதுவும் அரச ஊழியர்தானே? அவரை யாராவது ஆராய்ந்தோமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பிள்ளைகளே, உங்கள் ஊரில் நன்றாக நடக்கிற ஒரு கிளினிக்கையோ கமநல சேவை நிலையத்தையோ எடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களோடும், வரிசையில் நிற்கிற சனத்தோடும் இருந்து கதையுங்கள். நன்றி, வணக்கம்.