சீலோவாம் கோபுரத்தின் அடியில் பதினெட்டுப் பேர்

அன்பானவர்களே, இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'இயற்கைப் பேரிடரும் தேவனுடைய நியாயத்தீர்ப்பும்'. இதைப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஊழியத்துக்கு வந்த புதிதில், வெள்ளம் வடிந்த ஒரு வீட்டுக்குப் போனேன். சுவரில் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அந்த வீட்டு அம்மா நனைந்து உப்பிப்போன வேதாகமத்தைக் கட்டிலில் வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "நாங்க என்ன பாவம் செஞ்சோம் ஐயா?" என் சட்டைப் பையில் அடுத்த ஞாயிறுக்கான பிரசங்கக் குறிப்பு இருந்தது. கர்த்தர் ஏன் இந்த வெள்ளத்தை அனுப்பினார் என்று அதில் ஐந்து பாயிண்டு எழுதி வைத்திருந்தேன். அதை வெளியே எடுக்கக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன்.

ரோம ஆளுநர் பிலாத்து கலிலேயர் சிலரைப் பலி செலுத்தும்போதே கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அதோடு நிறுத்தாமல், அவர்கள் கேட்காத இன்னொன்றையும் தானே எடுக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, எருசலேமில் இருக்கிற மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ? 'அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.' கேட்டவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். அடுத்த வரி வருகிறது: 'நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்.'

கேள்வி செத்தவர்களைப் பற்றியது. பதில் உயிரோடு நின்றவர்களைப் பற்றியது. இதில் ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதை முழுங்கிவிடப் பலருக்கு ஆசை. எனக்கும் இருந்திருக்கிறது.

சரி, அப்படியானால் நோவா காலத்து ஜலப்பிரளயம்? சோதோம்? எகிப்தின் வாதைகள்? அவற்றை வேதம் நியாயத்தீர்ப்பு என்றுதான் சொல்கிறது. நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அவை எப்படி வந்தன என்று பாருங்கள். நோவாவுக்கு முன்னமே சொல்லப்பட்டது. மோசே பார்வோனிடம் திரும்பத் திரும்ப நடந்தார். சோதோமுக்காக ஆபிரகாம் 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை பேரம் பேசினார், சந்தையில் பேசுவதுபோல. நினிவேக்கு 40 நாள் கெடு. தீர்ப்பு வருவதற்கு முன் அதைச் சொல்ல ஒருவர் அனுப்பப்படுகிறார், அல்லது தடுக்க ஒருவர் மன்றாடுகிறார். நம்மில் பலர் மைக் பிடிப்பது எல்லாம் முடிந்த பிறகு! வீடு இழந்தவன் வாயைத் திறக்க முடியாத நேரத்தில் காரணம் சொல்ல என்ன தைரியம் வேண்டும்?

1755 நவம்பர் 1. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம். அனைத்துப் புனிதர் பெருவிழா, காலை ஒன்பதரை மணிக்கு மேல். ஆலயங்கள் நிறைந்திருந்தன, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. பூமி அதிர்ந்தது. கற்கூரைகள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. தப்பியவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடல் எழும்பி வந்தது. விழுந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அப்புறம் விளக்கங்கள் வந்தன. நகரத்தார் களியாட்டப் பாவத்துக்குத் தண்டனை என்று கேப்ரியல் மலாக்ரிடா என்ற இயேசு சபைக் குரு எழுதினார். புராட்டஸ்டண்ட் பக்கத்தில் சிலர், விக்கிரக ஆராதனைக்கும் இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணையின் கொலைகளுக்கும் தண்டனை என்றார்கள். ஒரே இடிபாடு, அதில் அவரவருக்கு எதிராளியின் பாவம் கிடைத்தது.

இது கிறிஸ்தவர்கள் மட்டும் செய்த தப்பு இல்லை. 1934 ஜனவரியில் பீகார் அதிர்ந்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார் காந்தி. தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். தீண்டாமை பாவம்தான், அதில் இருவருக்கும் சண்டை இல்லை. ஆனால் செத்தவர்களில் தீண்டாமையை அனுபவித்தவர்களும் இருந்திருப்பார்களே?

கட்டடக்காரர்கள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். 2010 ஜனவரி 12-இல் ஹெய்ட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம். லட்சத்துக்கும் மேல் சாவு. அடுத்த மாதம் 27-இல் சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய 500 மடங்கு. இறந்தவர்களோ சில நூறு பேர். 1960-இல் 9.5 அளவு அதிர்வில் அடிபட்ட சிலி, கட்டட விதிகளைக் கறாராக்கியிருந்தது. ஹெய்ட்டியில் அப்படிக் கட்ட ஏழைகளிடம் பணமும் இல்லை, கட்டச் சொல்லிக் கண்டிக்க ஆளும் இல்லை. ஹெய்ட்டியார் பெரும்பாவிகள் என்று சொல்பவர், கர்த்தர் கம்பியையும் சிமெண்டையும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பாவத்தைத் தேடியே ஆக வேண்டுமா? கம்பி போடாத தூணில் தேடலாம், கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டவரின் மேஜையில் தேடலாம். சீலோவாம் கோபுரமும் மனுஷர் கட்டியதுதானே.

யோபுவின் பிள்ளைகள் பத்துப் பேர். பெருங்காற்று அடித்து வீடு இடிந்து செத்தார்கள். சிநேகிதர் மூன்று பேர் வந்து ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளில் அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதில்தான் வினை வந்தது. கடைசியில் கர்த்தருடைய கோபம் அந்த விளக்கக்காரர்கள்மேல் மூண்டது. அவர்கள் சொன்னது முழுக்கக் கர்த்தருக்குச் சாதகமான வாதம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரத்தையும் சொல்லி முடிக்கிறேன். அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவுக்கு வந்து, உலகமெங்கும் பெரும்பஞ்சம் வரும் என்று சொல்கிறார். ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் நாளில் அது வந்தது. யார் செய்த பாவம் என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்டதாக, இந்தப் புத்தகத்தையும் எழுதிய லூக்கா சொல்லவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி யூதேயாவில் இருந்தவர்களுக்குப் பணம் சேர்த்தார்கள், அதைப் பர்னபா, சவுல் கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்.