வெல்டு வைத்த டிஃபை ரோட்டில் ஓட்டலாமா?

வணக்கம் மக்களே. கேமரா இன்று காருக்கு அடியில் இருக்கிறது. மேலே தெரிவது என் கேஇ70. நம் மலேசியாவில் டிஎக்ஸ் என்று கூப்பிடுகிற பழைய கொரோலா, பின் சக்கர டிரைவ். அதோடு வந்த 4கே என்ஜினை எடுத்துவிட்டு, அதைவிட சக்தி கூடிய டொயோட்டா 4ஏஜிஇ என்ஜினைப் போட்டிருக்கிறேன்.

முதலில் என் உள்ளங்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு இரும்புத் துண்டு. இந்தப் பக்கம் வெல்டிங் படிந்த மேடு, அந்தப் பக்கம் பாதியாக முறிந்த கியர் பல். என் பழைய டிஃபுக்குள், அதாவது என்ஜின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள், கிடந்தது இது. உள்ளே இருக்கும் கியர்கள் தனித்தனியாகச் சுற்றாதபடி ஒரு கடையில் வெல்டு வைத்தே விற்ற டிஃப் அது, மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மாட்டினேன். ஒரு ராத்திரி ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். இந்தத் துண்டு டிஃபின் பெரிய கியரான கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் சின்னக் கியரான பினியனுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. பின் சக்கரம் இரண்டும் ஒரு நொடி பூட்டிக்கொண்டு, கார் குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைத்துத்தான் இந்த வீடியோவையே எடுக்கிறேன்.

டிஃப் என்ன வேலை செய்கிறது? வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தை விட அதிக தூரம் ஓட வேண்டும். இந்தக் காரில் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.35 மீட்டர். சந்தியில் ஒரு தடவை 90 டிகிரி திரும்பினால் வெளிச் சக்கரம் 2.1 மீட்டர் கூடுதலாகப் போகும். நான் போட்டிருக்கும் 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு 1.8 மீட்டர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் வித்தியாசம். டிஃபுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்கள் என்ற சின்னக் கியர்கள் உருண்டு அதைச் சமாளித்துவிடும். வெல்டு வைத்தால் அவை உருளாது. அந்த 2.1 மீட்டரையும் டயர் ரோட்டில் தேய்த்தே தீர்க்க வேண்டும்.

பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்க விட்டு வளைவில் ஓட்டும் டிரிஃப்டுக்கு வேண்டியது இரண்டு சக்கரமும் இப்படிப் பூட்டிக்கொள்வதுதான். சாதா டிஃபில் காரைச் சரித்தால், பாரம் குறைந்த உள் சக்கரம் சும்மா சுற்றிப் புகை விடும், வெளிச் சக்கரத்துக்கு சக்தி போகாது, சரிவு பாதியில் செத்துவிடும். பூட்டிய டிஃபில் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், வால் எங்கே போகும் என்பது காலிலேயே தெரியும். ஒரு சக்கரம் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் நல்ல எல்எஸ்டி டிஃப் வாங்கக் காசில்லாத பையன்களுக்கு இதுதான் வழி. அதை நான் குறை சொல்லவே மாட்டேன், நானும் அப்படி வந்தவன்தான்.

சரி, அந்த வெல்டு ஏன் உடைந்தது? கியர் பல்லின் மேல்தோல் கடினமாக்கப்பட்ட இரும்பு. அதைச் சூடாக்காமல், எண்ணெய் பிசுக்கோடு, நாலு இடத்தில் மட்டும் தொட்டு விட்டிருக்கிறார்கள். அவசரமாக ஆறியதில் வெல்டின் ஓரமாகவே மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. இதோ, உடைந்த முகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகிறதா? எண்ணெய் எரிந்து காற்றுக் குமிழியான இடம்.

இந்த முறை பழைய கார் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் வேறொரு டிஃப் எடுத்து, உருப்படியை முழுதாகக் கழற்றினேன். பேரிங்கையும் கிரவுன் வீலையும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. பிசுக்கு போக இரண்டு முறை கழுவினேன். தம்பிகளே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு வெல்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் வாயு வரும், உயிரையே எடுக்கும். அப்புறம் டார்ச் வைத்து 200 டிகிரி வரை சூடேற்றி, 309 ஸ்டெயின்லெஸ் வெல்டிங் ராடால் ஸ்பைடர் கியருக்கும் ஆக்சிலைச் சுழற்றும் சைட் கியருக்கும் நடுவில் இருக்கிற பள்ளங்களை முழுக்க நிரப்பினோம். ஆக்சில் நுழையும் பற்களில் ஒரு பொட்டுகூட விழக் கூடாது. எர்த் கிளாம்பை உருப்படியிலேயே மாட்டுங்கள். பேரிங் இருக்கும் நிலையில் கரண்ட் அது வழியாகப் போனால் பேரிங் காலி. முடிந்ததும் காய்ந்த மணல் வாளிக்குள் புதைத்து, மறுநாள் காலையில்தான் எடுத்தேன்.

இனி ரோட்டு விஷயம். குடியிருக்கும் தாமானுக்குள் யூ-டர்ன் அடித்தால் டயர் கீச்சிடும், பின்பக்கம் குதிக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது மழை. நான்கு மணிக்கு இடியோடு கொட்டுமே, அந்த மழையில் ரவுண்டபவுட்டில் ஏதாவது ஒரு பின் டயர் வழுக்கியே ஆக வேண்டும். முன்னோக்கி வழுக்குகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடியும் குறைந்துவிடும், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலே வால் வந்துவிடும். பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நேர் ரோட்டிலேயே ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஆக்சிலை முறுக்கும். ஒரு டயர் பஞ்சர் ஆனாலும் நான் இரண்டையும் மாற்றுகிறேன். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருப்பது ஒரே கார், அதில்தான் அம்மாவும் பிள்ளைகளும் போகிறார்கள் என்றால், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். என் டிஎக்ஸ் டிரிஃப்ட் பயிற்சி நாளுக்குப் போய்வர மட்டும்தான், அதுவும் மழை இல்லாத நாளில்.

இப்போது டிஃபுக்குள் ஜிஎல்-5 ரக கியர் எண்ணெய் ஊற்றப் போகிறேன். வடிகால் போல்ட்டில் காந்தம் வைத்திருக்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இதே இடத்தில் படுத்து, உங்கள் முன்னாலேயே அந்தப் போல்ட்டைக் கழற்றுகிறேன். காந்தத்தில் சாம்பல் மாதிரிப் பொடி மட்டும் ஒட்டியிருந்தால் செப்பாங் பந்தயத் திடலுக்குப் போகிறோம். துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் டிஃப் மறுபடியும் கீழே இறங்கும்.