லாட்டரிச் சீட்டில் ஒரு ராசியான எண்: 720720

[திரையில்: வாளையார் சாலை, லாட்டரிக் கடைகள்]

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும்போது வாளையார் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரிக்குத் தடை என்பதால், நம்மவர்கள் இங்கே வந்து, "அண்ணா, ராசியான நம்பரா ஒண்ணு குடுங்க" என்று தமிழிலேயே கேட்டு வாங்குவார்கள். பரிசு விழ எல்லா நம்பருக்கும் வாய்ப்பு ஒன்றுதான், அதை விடுங்கள். ஆனால் கணக்கில் ராசியான ஆறிலக்க எண் ஒன்று உண்டு.

[திரையில்: 720720]

720 இரண்டு முறை வருகிறது. அதாவது 720 × 1001. இந்த 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே உங்கள் சீட்டில் 358358 என்று இருந்தாலும் சரி, 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். கடை வாசலிலேயே செய்து காட்டலாம்.

அப்புறம் 720. அதை உடைத்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5. மேலே சொன்ன மூன்றையும் சேர்த்தால், 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் 720720 மீதியின்றி வகுபடுகிறது. அப்படிப்பட்ட மிகச் சிறிய எண்ணும் இதுதான். 17இல் மாட்டிக்கொள்கிறது.

மொத்தம் எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டாம். ஒரு காரணியை உருவாக்க, இருக்கும் நான்கு 2-களில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், நான்கையும் எடுக்கலாம்: 5 வழிகள். 3-க்கு 3 வழிகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் 2 வழிகள்.

[திரையில்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240]

பத்து லட்சத்துக்குக் கீழே எந்த எண்ணுக்கும் 240க்கு மேல் காரணிகள் கிடையாது. இதே 240ஐ எட்டும் எண்கள் இன்னும் நான்கு உண்டு, 831600 போல. ஆனால் முதலில் எட்டுவது இதுதான்.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களைப் பற்றித்தான் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915இல் லண்டனில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு பட்டியல். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறு லட்சம் கோடிக்கும் மேல்!

அத்தனை நீளப் பட்டியலில் அவர் விட்டது ஒரே ஒரு எண்: 2,93,31,86,25,600. இதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் அந்தக் கடைசி எண் அப்படியே வரும். எனக்கு இதுதான் பெரிய வேடிக்கை. 23 புதிய பகா எண் என்பதால் காரணிகளும் சரியாக இரட்டிப்பாகின்றன: விடுபட்டதற்கு 5040, கடைசி எண்ணுக்கு 10080.

இந்த 5040, 10080 இரண்டுமே அதே பட்டியலில் உள்ள எண்கள்தான். நம் 240உம் கூட.