சட்டைப்பைக்குள் ஒரு நல்ல டார்ச்: முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

[திரையில்: கறுப்புத் துணி விரித்த மேசை. அதன்மேல் விரல் நீளத்தில் மூன்று டார்ச்சுகள்.]

வணக்கம். கையில் போன் இருக்கும்போது தனியாக டார்ச் எதற்கு என்று கேட்பவர்களுக்கான வீடியோ இல்லை இது. மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், கழற்றிய மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தவர்களுக்கானது. நல்ல டார்ச் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எதை வாங்குவது?

இணையக் கடையில் தேடினால் முதலில் கண்ணைப் பறிப்பது லூமன் எண், அதாவது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பத்தாயிரம் லூமன், லட்சம் லூமன், விலை மட்டும் சில நூறு ரூபாய். இதை நம்பலாமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பின் அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். 800, 900 லூமன் என்று போட்டிருக்கும். அதாவது வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன். டார்ச்சுக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். நல்ல எல்இடி கொஞ்சம் கூடுதலாகத் தரும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் முன்கண்ணாடியும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். அதில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிற சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்குகிற அந்தச் சூட்டைப் போல இரண்டு மடங்கை, விரல் பருமனுள்ள குழாயில் அடைத்துக் கையில் பிடிக்க முடியுமா? அந்த விளம்பரங்களை இத்தோடு விட்டுவிடலாம்.

சரி, நல்ல கம்பெனிகளின் எண்களை அப்படியே நம்பலாமா? அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு.

[திரையில்: ஒரு வரைபடம். கோடு உச்சியில் தொடங்கி, மூன்றாவது நிமிடத்தில் சரேலென்று இறங்கி, பிறகு நீளமாகப் படுத்தே போகிறது.]

டார்ச்சுகளை அளக்க அமெரிக்காவில் 2009-இல் எஃப்எல்-1 என்றொரு தர அளவுகோல் வந்தது. நல்ல தயாரிப்பாளர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். அதன்படி, டார்ச்சை எரியவிட்டு 30 நொடி கழித்து வரும் வெளிச்சத்தைத்தான் லூமன் என்று அட்டையில் போட வேண்டும். "எரியும் நேரம்" என்பது, அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். இப்போது "1,200 லூமன், 3 மணி நேரம்" என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். மூன்று மணி நேரமும் 1,200 லூமன் வருவதாக யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நிமிடம் 1,200 எரியும், உடம்பு சுட ஆரம்பித்ததும் டார்ச் தானே 300, 400-க்கு இறங்கிவிடும், மிச்ச நேரமெல்லாம் அந்த வெளிச்சம்தான். எண்ணில் பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்தது கிடைக்காது.

எத்தனை மீட்டர் அடிக்கும் என்பதும் அப்படித்தான். வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம் வரைக்கும் கணக்கில் சேர்ப்பார்கள். அது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும். நாயா ஆடா என்று பார்க்க அதில் பாதித் தூரத்துக்காவது போக வேண்டும்.

அதனால் என் பேச்சைக் கேட்பதாக இருந்தால், உச்ச எண்ணை விட்டுவிட்டு, டார்ச்சின் வெளிச்ச நிலைகளைக் காட்டும் அட்டவணையில் கீழேயும் நடுவிலும் இருக்கும் எண்களைப் படியுங்கள். தினம் கையில் எடுக்கிற டார்ச் பெரும்பாலும் 1 லூமனுக்கும் 150 லூமனுக்கும் நடுவில்தான் எரியும். இரவு ரயிலில் பெர்த்துக்குக் கீழே செருப்பைத் தேட 1 லூமனே போதும். எதிரில் தூங்குபவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது, நடு ராத்திரியில் 200 லூமனை முகத்துக்கு நேரே தட்டினால் அத்தனையும் ஒரு நொடியில் போச்சு. பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவிக்கு 30 லூமன். தெருவிளக்கு இல்லாத சாலையில் நடக்க 100, 150. ஆயிரம் லூமன் வேண்டிய வேலை வாரத்தில் ஒருநாள் வந்தால் அதிகம். குறைந்தபட்ச வெளிச்சமே 50 லூமன் என்று போட்டிருக்கும் டார்ச்சை, மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும், முதல் டார்ச்சாக வாங்க வேண்டாம் என்பேன்.

இந்த நடு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் எரியும் என்பது பேட்டரியைப் பொறுத்தது. பேட்டரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் டார்ச்சில் பாதியைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

[திரையில்: மூன்று பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டுதல்.]

இது 18650. லித்தியம் அயான். பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு, நல்லது என்றால் 3,000 முதல் 3,500 எம்ஏஎச் இருக்கும். 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்ததைப் பார்த்தால் தொடவே வேண்டாம், அந்த அளவுக் குழாயில் அவ்வளவு மின்சாரம் அடங்காது. 3,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 11 வாட்-மணி. நம் பழைய கணக்கின்படி 150 லூமனுக்கு ஒன்றரை வாட், ஆக ஏழு மணி நேரம். ஆனால் இதைப் போட்ட டார்ச் சட்டைப்பையில் தொங்கும். பேன்ட் பாக்கெட்டுக்கோ கைப்பைக்கோதான் சரி.

இது 14500. இதுவும் லித்தியம்தான், அளவு மட்டும் நம் சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ செல்லின் அளவு. கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்றாவது, அந்த ஏஏ செல்லே.

சில டார்ச்சுகள் 14500, ஏஏ இரண்டையும் ஏற்கும். முதல் டார்ச்சாக நான் சொல்வது இந்த வகையைத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் யுஎஸ்பி-யில் சார்ஜ் ஏற்றும் டார்ச் இரண்டாம் நாளே வெறும் குழாய். ஏஏ செல் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சாதாரண நாளில் 14500 போட்டால் நல்ல பிரகாசம், அவசரத்துக்கு ஏஏ போட்டால் வெளிச்சம் குறைந்தாலும் இருட்டில் இருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டையும் ஏற்கும் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே 14500-ஐப் போடுங்கள். ஏஏ செல் 1.5 வோல்ட், முழுதாக ஏற்றிய 14500 4.2 வோல்ட். ஏஏ-வுக்கு மட்டும் செய்த டார்ச்சில் இதைப் போட்டால் உள்ளே சர்க்யூட் புகைந்துவிடும். அப்புறம், அல்கலைன் செல்லை டார்ச்சுக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அது கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரையையே அரித்துவிடும். எனலூப் மாதிரி ரீசார்ஜ் ஏஏ செல் இருந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒரு வருடம் அலமாரியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும்.

அடுத்தது சுவிட்ச். கடைப் பக்கத்தில் யாரும் பெரிதாக எழுத மாட்டார்கள், ஆனால் தினம் விரல் படும் இடம் இதுதான்.

[திரையில்: கட்டைவிரலால் பின் சுவிட்சை அழுத்தும் நெருக்கமான காட்சி.]

பின்புற சுவிட்ச் உள்ளே "டக்" என்று நிற்கும். இருட்டில் பாக்கெட்டிலிருந்து எடுத்தாலும் பின்பக்கம் எது என்று விரலுக்குத் தெரியும். பக்கவாட்டு சுவிட்சை இருட்டில் தடவித் தேட வேண்டியிருக்கும், ஆனால் அழுத்திப் பிடித்தால் நேராக 1 லூமனில் எரியும்படி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். எனக்கு அந்த வசதிக்காகவே பக்கவாட்டு சுவிட்ச் பிடிக்கும். அண்டுரில் என்றொரு மென்பொருள் வரும் டார்ச்சுகளும் உண்டு. எத்தனை முறை தட்டினால் என்ன ஆகும் என்று அதற்கு ஒரு வரைபடமே இருக்கிறது. நோண்டிப் பார்க்கிற ஆளுக்குக் கொண்டாட்டம். அதையே அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தால், அது மினுக்மினுக்கென்று மின்னும்போதெல்லாம் உங்களுக்கு போன் வரும்.

பக்கவாட்டு சுவிட்சில் ஒரு ஆபத்து, பாக்கெட்டுக்குள் தானாக அமுங்கி எரிவது. உச்ச வெளிச்சத்தில் எரிந்தால் துணி கருகும், தொடையும் சுடும். பல டார்ச்சுகளில் அதைப் பூட்டி வைக்கும் வழி உண்டு. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாத வழி இது: பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள்.

[திரையில்: மூடியைத் தளர்த்துதல். சுவிட்சை அழுத்தினால் எரியவில்லை. இறுக்கியதும் எரிகிறது.]

மரையின் மேல் இருக்கும் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. குழாயின் விளிம்பு மட்டும் பூச்சில்லாத வெறும் அலுமினியம், அது மூடியைத் தொட்டால்தான் இணைப்பு. கொஞ்சம் தளர்த்தினாலே தொடர்பு அறுந்துவிடும். எல்லா டார்ச்சிலும் மரையில் இந்தப் பூச்சு இருக்காது, வாங்கியதும் ஒருமுறை செய்து பாருங்கள்.

இனி வெளிச்சத்தின் குணம். பழைய மூணு கட்டை பேட்டரி லைட்டில் வளர்ந்தவர்கள், எல்இடி வெளிச்சத்தில் எல்லாம் செத்த நிறமாகத் தெரிகிறது என்பார்கள். அது வெறும் பழம்பெருமை இல்லை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் அளவு இருக்கிறது. குண்டு பல்புக்கு அது ஏறக்குறைய 100. மலிவான எல்இடிக்கு 70 சுமார், அதுவும் சிவப்பில்தான் மிக மோசம். சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரிந்தால் சுவிட்ச் போர்டைத் திறந்தவர் பாடு திண்டாட்டம். 90-க்கு மேல் சிஆர்ஐ உள்ள எல்இடி போட்ட டார்ச்சை வாங்குங்கள், நிச்சியா என்ற ஜப்பான் கம்பெனியின் 519ஏ எல்இடி அதில் பேர் வாங்கியது. நிறம் 4,000 முதல் 5,000 கெல்வின் இருந்தால் கண்ணுக்கு இதம். 6,500 என்றால் நீலம் பாய்ந்த ட்யூப்லைட் வெள்ளை. இதற்கு விலையாக உச்ச லூமன் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நிறத்தோடு சேர்த்து வெளிச்சத்தின் அகலமும் முக்கியம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில்தான் அதிகம் நடமாடுகின்றன. வரப்பில் நடக்கும்போது நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்து என்ன பயன்? காலடியிலிருந்து ஏழெட்டு அடி தூரம் வரை, இரண்டு பக்கமும் சேர்த்துப் பரவலாகத் தெரிய வேண்டும். காய்ந்த சருகின் மேல் கிடக்கும் கண்ணாடி விரியனின் பழுப்புத் திட்டுகளைப் பிரித்துக் காட்ட நல்ல சிஆர்ஐ-யும் உதவும்.

ஜூம் டார்ச் வேண்டாம். முன்னால் இழுத்துக் குவித்தால் சுவரில் ஒரு சதுரம் விழும், அது எல்இடி சில்லின் படமேதான். பாதி வெளிச்சம் உள்ளேயே வீணாகும். தலை முன்னும் பின்னும் நகர்வதால் தண்ணீரும் எளிதாகப் புகும்.

மற்றவை சட்டென்று. தண்ணீர் புகாமைக்கான தரக்குறி ஐபிஎக்ஸ்-8 அல்லது ஐபி-68 என்றால் மழைக்குக் கவலையில்லை. கிளிப் இரண்டு பக்கமும் வளைந்திருந்தால் தொப்பி விளிம்பில் மாட்டித் தலைவிளக்காக்கலாம். பின்னால் காந்தம் இருந்தால் இரும்பு கேட்டிலோ மீட்டர் பெட்டியிலோ ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். குறைந்த வெளிச்சத்தில் போன் காமிராவை நீட்டிப் பாருங்கள், திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அது வேகமாக அணைந்து அணைந்து எரிகிற டார்ச். சிலருக்குத் தலைவலி வரும்.

பெயர் சொல்லாமல் விட்டால் கமெண்டில் விடமாட்டீர்கள். ஏஏ, 14500 இரண்டும் ஏற்பதில் ஸ்கில்ஹன்ட் எம்150, காந்த ஒயரில் சார்ஜ் ஏறும். நோண்டுகிற ஆளுக்கு சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ, அண்டுரில் உண்டு, ஆனால் தனி சார்ஜர் வேண்டும். 18650 போதும் என்றால் வுர்க்கோஸ் எஃப்சி11, டைப்-சி ஒயரிலேயே சார்ஜ், பின்னால் காந்தமும் உண்டு. பின்சுவிட்ச்தான் வேண்டுமென்றால் கான்வாய் எஸ்2 ப்ளஸ், எல்இடியையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு என்றால் நான் எம்150-ஐத்தான் கொடுப்பேன்.

உபரி லித்தியம் பேட்டரியைச் சில்லறைக் காசோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள், இரண்டு முனையும் ஷார்ட்டாகித் தீப்பிடிக்கலாம். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். விமானத்தில் உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது.

[திரையில்: புது டார்ச்சின் பெட்டியைத் திறத்தல்.]

டார்ச் வந்து சேர்ந்து, தட்டினால் எரியவில்லையா? உடனே திருப்பி அனுப்பாதீர்கள். பின்மூடியைக் கழற்றினால் பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பொட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். வழியில் எரிந்துவிடாமல் இருக்க வைத்தது. அதை எடுத்துவிட்டு மூடியை இறுக்குங்கள்.